கோட்டை புனித மேரி ஆலயம்: கூரை, கல்லறைக் கற்கள், காரை

வழிப்போக்கன்:
சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயத்தை மாணவர்களுக்குக் காட்டப்போகிறோம். மூன்று சந்தேகங்கள். உத்திரமே இல்லாமல் கூரை அரைவட்டமாக வளைந்திருப்பது ஏன்? முற்றத்தில் பாவியிருக்கும் கல்லறைக் கற்களுக்கு அடியில் உடல்கள் உண்டா? இந்த மாதிரிக் கட்டடத்தில் சிமென்ட் பூசக்கூடாது என்கிறார்களே, ஏன்?

செங்கல்:
பீரங்கிக்குப் பயந்து கட்டிய கூரை அது. ஆளுநர் ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் காலத்தில் 1678ல் வேலை தொடங்கி, 1680 அக்டோபர் 28ல் அர்ப்பணித்தார்கள். கூரை 2 அடி கனம், வெளிச்சுவர் 4 அடி. வளைவுக் கூரை சுவரைப் பக்கவாட்டிலும் தள்ளும். நடுக்கூடத்து வளைவின் தள்ளலை இருபக்கத்து வளைவுகள் எதிர்த்து நிற்கின்றன. அவை தள்ளுவதை வெளிச்சுவர் வாங்கிக்கொள்கிறது. மாணவர்களை நடுவில் நிறுத்தி மூன்று வளைவுகளையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், உடனே புரியும். கூரையில் மரம் இல்லாததால் தீப்பிடிக்காது, கரையானும் அரிக்காது. கோபுரம் பிறகு வந்தது.

பழங்கல்:
முற்றத்துக் கற்களுக்கு அடியில் உடல்கள் இல்லை. பழைய இடுகாடு கோட்டைக்கு வெளியே, பின்னாளில் சட்டக் கல்லூரி எழுந்த இடத்தில் இருந்தது. 1758-59 முற்றுகையில் லாலியின் பிரெஞ்சுப் படை அந்தச் சமாதிகளைப் பதுங்கிச் சுடும் மறைவிடமாகப் பயன்படுத்தியது. மறுபடி அப்படி நடக்கக்கூடாதென்று அவற்றை இடித்துவிட்டுக் கற்களை இங்கே கொண்டுவந்தார்கள். எலிசபெத் பேக்கர் கல்லைத் தேடிக் காட்டுங்கள். 1652ஆம் ஆண்டுக்கல், ஆலயத்தைவிட மூத்தது. ஆலயத்துக்குள் அடக்கமானவர்கள் வேறு. சென்னை ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ அவர்களில் ஒருவர்.

சுண்ணாம்புக்காரர்:
சுண்ணாம்புச் சுவர் தரை ஈரத்தை உறிஞ்சி, பூச்சு வழியாகவே வெளியே விடும். சிமென்ட் பூசினால் அந்த வழி அடைபட்டு ஈரம் மேலே ஏறும். கடலோரமானால் உப்பு உள்ளேயே பூத்து, பூச்சைத் தள்ளும்போது செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துவிடும்.

சரிசெய்வதானால் சிமென்ட்டை உளியால் மெதுவாகக் கொத்தி எடுங்கள். இயந்திரச் சுத்தி வேண்டாம். பூத்த உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டிவிடுங்கள்; கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். நீற்றிய சுண்ணாம்பு குறைந்தது 3 வாரம் தண்ணீரில் ஊறட்டும். பிறகு 1 பங்குக்கு 3 பங்கு மணல். ஒரு பூச்சு 12 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. ஈரச் சாக்கு போட்டு ஒரு வாரமாவது காயவிடாமல் வைத்திருங்கள். உச்சி வெயிலில் பூசினால் இறுகுவதற்குள் காய்ந்து, கை வைத்தாலே மாவாக உதிரும்.