ஏட்டை நூலால் தைத்துக் கட்டும் பைண்டர் சென்னையில் எங்கே இருக்கிறார்?

நண்பர்களே, வணக்கம்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சைதாப்பேட்டையில் எங்கள் வீட்டுக்குள் அடையாற்று நீர் புகுந்தபோது அப்பாவின் நாட்குறிப்புகள் ஊறிப்போயின. பால்பாயின்ட் பேனாவால் எழுதியவை தப்பித்தன. அந்த மையில் எண்ணெய்ப் பசை உண்டு. ஊற்றுப்பேனாப் பக்கங்களில் மிஞ்சியது நீலக் கறைதான். அவர் ஆசையாக எழுதியதெல்லாம் அந்தப் பேனாவால்தான்.

தப்பிய பக்கங்களில் 'ழ'வின் வாலை அவர் நீட்டி இழுக்கும் அழகு இருக்கிறது. கோபமான நாட்களில் எழுத்து சாய்ந்திருக்கிறது. அவர் அனுப்பிய குறுஞ்செய்திகளும் என் கைபேசியில் உள்ளன. அவற்றில் எல்லா நாளும் ஒரே எழுத்து.

வரும் தை முதல் நாளிலிருந்து என் மகளுக்காக நானும் எழுதப்போகிறேன். தாளுக்கு ஆண்டர்சன் தெருவுக்குப் போவேன். சதுர மீட்டருக்கு 70 கிராம் தாளில் எழுதிப் பார்த்தேன், மை மறுபக்கம் ஊறியது. 100 கிராமில், அமிலமற்ற (எளிதில் பழுப்பேறாத) தாள் எந்தக் கடையில் கிடைக்கும்? பசை மட்டும் தடவாமல் நூலால் தைத்துக் கட்டும் பைண்டர் யாரையாவது தெரியுமா? தைத்த ஏடுதான் மேசையில் விரித்தபடி படியும். தண்ணீர் பட்டாலும் கரையாத, பேனாவை அடைக்காத மை எது என்று பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.

இன்னொன்று. அப்பாவின் ஏடு ஒன்றில் சுமார் 20 தாள்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கிழிந்துவிடும் என்று பயந்து இதுவரை நான் தொடவே இல்லை. பழைய தாள்களைப் பிரிக்கத் தெரிந்தவர்கள் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள், எடுத்துக்கொண்டு வருகிறேன்.