நவம்பரில் புல்லுக்கு உரம்: போடலாமா, கூடாதா?

விட்பி_புதுவீடு
வணக்கம். ஜூன் மாதம் கனடாவில், ஒன்டாரியோவின் விட்பியில் புதிதாகக் கட்டிய வீட்டுக்குக் குடிவந்தோம். சொந்தமாகப் புல்தரை இருப்பது இதுதான் முதல் தடவை. ஆகஸ்ட் முடியும்போது பாதி மஞ்சளாகிவிட்டது, சில இடங்களில் மண்ணே தெரிகிறது. பக்கத்து வீட்டுக்காரர், ஸ்னோ விழ முன்னம் நவம்பரில் ‘குளிர்கால உரம்’ போடு, இலை ஒன்றுகூட விடாமல் வாரி எடு என்கிறார். வேலையிடத்து நண்பர், நவம்பரில் போடும் உரம் காசுக்குக் கேடு என்கிறார். இப்போது செப்டெம்பர் முதல் வாரம். யார் சொல்வதைக் கேட்பது?

ஸ்காபரோ_அண்ணை
தம்பி, உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதுதான் சரி. நான் 1996 இல் இருந்து ஸ்காபரோவில் புல் வளர்க்கிறேன். கடைசியாகப் புல் வெட்டிய பிறகு, நிலம் உறைய முன்னம், நவம்பர் நடுவில் உரம் போடுவேன். அந்த நேரம் இலை வளராது, ஆனால் புல் பச்சையாகவே இருக்கும், வேரும் வேலை செய்துகொண்டிருக்கும். எடுத்த சத்தைப் புல் சேமித்து வைக்கும். ஏப்ரலில் எங்கள் தெருவில் முதலில் பச்சை பிடிப்பது என் வீட்டுப் புல்தான். வசந்தத்தில் உரமே தேவைப்படாது.

இலையையும் வாரித்தான் ஆகவேண்டும். நனைந்த மேப்பிள் இலை ஸ்னோவுக்குக் கீழே ஐந்து மாதம் கிடந்தால், அடியில் இருப்பது புல் அல்ல, கூழ்.

மினியாப்பொலிஸ்_கயல்
அண்ணா சொல்வதில் பாதியை ஏற்கிறேன். நவம்பர் உரம் ஏப்ரலில் பச்சை தரும், அது உண்மை. ஆனால் என்ன விலைக்கு என்று பார்க்க வேண்டும்.

இந்தப் பழக்கத்துக்கு அடித்தளம் 1960களில் வர்ஜீனியாவில் நடந்த ஆய்வுகள். அங்கே நவம்பர், டிசம்பரில் மண் இவ்வளவு குளிராது. வேர் உண்மையிலேயே சாப்பிட்டுக்கொண்டிருக்கும். அதே அறிவுரையை அப்படியே வடக்கே கொண்டுவந்து ஒன்டாரியோவுக்கும் எங்கள் மினசோட்டாவுக்கும் சொல்லிவிட்டார்கள். பிறகு விஸ்கான்சினில் குளிரைக் கட்டுப்படுத்திய அறைகளில் புல் வளர்த்துச் சோதித்தபோது, குளிர் கூடக் கூட வேர் எடுக்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைந்துகொண்டே போனது. எடுக்காத மிச்சம் எங்கே போகும்? மழையோடும் உருகும் பனியோடும் நிலத்தடி நீருக்கும் ஓடைக்கும்தான்.

நான் ஏரிகள் சூழ்ந்த ஊரில் இருப்பவள், அதனால் இதில் எனக்குக் கோபமே உண்டு. மினசோட்டாவில் 2005 முதல், மண் பரிசோதனையில் குறை தெரிந்தால் அல்லது புதிதாகப் புல் போட்டால் தவிர, புல்லுக்கு மணிச்சத்து (பாஸ்பரஸ்) போடவே மாநிலம் முழுதும் தடை. ஏரியெல்லாம் பாசி பிடித்துப் பச்சையானதுதான் காரணம். புல்லுக்குப் போடும் உரம் புல்லோடு நிற்பதில்லை.

புதுவீடு நண்பரே, உரத்தை இந்த மாதமே போடுங்கள். நூறு சதுர மீட்டருக்கு அரைக் கிலோ தழைச்சத்து போதும். அது மூட்டையின் எடை இல்லை. மூட்டையில் உள்ள முதல் எண் தழைச்சத்தின் சதவீதம்; அது 25 என்றால், இரண்டு கிலோ உரத்தில்தான் அரைக் கிலோ தழைச்சத்து இருக்கும். பகலில் வெயில், இரவில் குளிர் என்ற இந்த ஆறேழு வாரம்தான் இந்தப் புல்லுக்கு வருடத்திலேயே நல்ல காலம்.

ஸ்காபரோ_அண்ணை
தங்கச்சி, அறைக்குள் சட்டியில் வளர்த்த புல் வேறு, என் முற்றம் வேறு. இத்தனை வருடம் கண்ணால் கண்டதை நான் எப்படிப் பிழை என்பது? அதோடு குளிர்கால உரத்தில் சாம்பல் சத்து (பொட்டாசியம்) அதிகமாக இருக்கும். அது குளிரைத் தாங்கத்தான்.

மினியாப்பொலிஸ்_கயல்
கண்ணால் கண்டதைப் பிழை என்று நான் சொல்லவில்லை அண்ணா. செப்டெம்பரிலும் போட்டு நவம்பரிலும் போட்டால், ஏப்ரல் பச்சை எதனால் வந்தது என்று எப்படிப் பிரிப்பீர்கள்?

சாம்பல் சத்து மண்ணில் குறைவாக இருந்தால் போடத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் மண்ணில் போதுமான அளவு இருக்கும்போது மேலும் மேலும் போட்டால் குளிர் தாங்கும் சக்தி கூடுவதில்லை. விஸ்கான்சினில் கோல்ஃப் புல்லில் செய்த சோதனைகளில், அப்படிப் போட்ட இடத்தில் பனிப் பூஞ்சணம் (ஸ்னோவுக்குக் கீழே புல்லுக்கு வரும் நோய்) கூடத்தான் செய்தது. மூட்டையில் என்ன அச்சடித்திருக்கிறது என்பதை விட, மண்ணைப் பரிசோதித்துப் பார்ப்பது மேல்.

ஆட்டவா_செவ்வந்தி
உரச் சண்டையில் இலை மறந்துபோய்விட்டது. அண்ணை, இலையை வாரிப் பையில் கட்டித் தெருவோரம் வைப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஊரில் வாழைக்கும் தென்னைக்கும் மூடாக்குப் போட்ட ஆட்கள் நாங்கள். இங்கே வந்ததும் இலை எப்படிக் குப்பையானது?

புல் வெட்டும் மெஷினை இலை மேலேயே ஓட்டுங்கள். காய்ந்த இலை, இரண்டு மூன்று தடவை ஓட்டினால் காசு அளவுக்குத் தூளாகி, புல்லின் இடுக்கில் இறங்கிவிடும். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் பல வருடம் இப்படிச் சோதித்துப் பார்த்தது. அரை அடி உயரத்துக்குக் கிடந்த இலையைத் தூளாக்கி விட்டும் புல்லுக்குக் கெடுதி வரவில்லை. டான்டிலயன் களைகூடக் குறைந்தது. ஒன்டாரியோவில் அழகுக்காகக் களைக்கொல்லி அடிப்பதை 2009 இல் தடை செய்துவிட்டார்கள் என்பதால் இது எங்களுக்குப் பெரிய விஷயம்.

வேலியோரமும் மரத்தடியும் விழும் இலையைத் தொடவே தொடாதீர்கள். வண்டுகளும் அந்துப்பூச்சியின் கூடுகளும் குளிரைக் கழிப்பது அந்த இலைக்குள்தான். பறவைக் குஞ்சுகளுக்கு வசந்தத்தில் புழு எங்கிருந்து வரும் என்று நினைக்கிறீர்கள்?

ஸ்காபரோ_அண்ணை
செவ்வந்தி, என் முன்பக்கம் மூன்று நோர்வே மேப்பிள் நிற்கிறது. மற்ற மரமெல்லாம் கொட்டி முடித்த பிறகுதான் அது கொட்டத் தொடங்கும். நவம்பர் மழையில் ஈரமான இலையை மெஷின் தூளாக்காது, கட்டியாகத் துப்பும். அந்தக் கட்டிக்குக் கீழேதான் பூஞ்சணம் பிடிக்கும். வேலியோரத்து இலையை விடலாம், அது சரி. அதை நான் இந்த வருடம் செய்கிறேன்.

ஆட்டவா_செவ்வந்தி
ஈர இலைக்கு நானும் வாரியைத்தான் எடுப்பேன், அண்ணை. ஆனால் வாரியதைப் பையில் போடாமல் மரத்தடிக்குத் தள்ளுவேன். முழுதும் விழட்டும் என்று காத்திருக்காமல், காய்ந்த நாளாகப் பார்த்து வாரம் ஒரு தடவை மெஷின் ஓட்டினால் கட்டியாகாது.

மினியாப்பொலிஸ்_கயல்
தெருவில் மட்டும் இலையை விடாதீர்கள். மழைநீர்க் கால்வாய் வழியாக அதன் மணிச்சத்தும் ஏரிக்குத்தான் போகிறது.

புதுவீடு நண்பரே, நாங்கள் இவ்வளவு வாதாடும் உரத்தை விட உங்களுக்கு அவசரமானது விதை. தேதி தவறினால் அடுத்த ஆகஸ்ட் வரை நல்ல காலம் இல்லை. ரைகிராஸ் என்ற புல் வகை ஒரு வாரத்தில் முளைக்கும். கென்டக்கி புளூகிராஸ் என்ற வகை மூன்று வாரம் வரை எடுக்கும், ஆனால் மண்ணுக்கு அடியில் தண்டு ஓடி வெறும் இடத்தை அதுவே மூடிக்கொள்ளும். இரண்டும் கலந்த விதை வாங்குங்கள். முதலில் ஒரு ஸ்க்ரூடிரைவரை மண்ணில் அழுத்திப் பாருங்கள், இறங்காவிட்டால் மண் இறுகியிருக்கிறது. அப்புறம் மஞ்சளான இடத்தில் புல்லைப் பிடித்து இழுங்கள். பாய் போலச் சுருண்டு வந்தால் வேரைப் புழு தின்றிருக்கிறது.

விட்பி_புதுவீடு
பார்த்துவிட்டேன். ஸ்க்ரூடிரைவர் ஒரு அங்குலம்கூட இறங்கவில்லை. கீழே கெட்டிக் களிமண். வெறும் இடத்தின் ஓரத்தில் புல் கையோடு வந்தது. ஒரு சதுர அடியில் எட்டு வெள்ளைப் புழு, சி போல வளைந்தவை. இரவில் ராக்கூன் தோண்டியது இதற்குத்தானா?

ஸ்காபரோ_அண்ணை
அதற்குத்தான். ஸ்கங்கும் வரும். எட்டுப் புழுவை நல்ல வேர் உள்ள புல் தாங்கும், உங்கள் புல் தாங்காது. இந்தப் புழுக்களைக் கொல்லும் நூற்புழு (நெமட்டோட்) வாங்கித் தண்ணீரில் கலந்து பின்னேரம் ஊற்றுங்கள், வெயில் பட்டால் அது செத்துவிடும். மண் சூடாக இருக்கும் இந்த மாதத்துக்குள் செய்யவேண்டும். அதற்கு முன் மண் துளைக்கும் மெஷினை ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். ஆணி மாதிரிக் குத்துவது அல்ல, மண்ணை உருளையாகப் பிடுங்கிப் போடுவது. அந்தத் துளைகளுக்கு மேல் கம்போஸ்ட், அதன் மேல் விதை. விதைக்கு ஊற்றும் தண்ணீர் நூற்புழுவுக்கும் உதவும்.

கயல் சொன்னபடி உங்கள் உரம் செப்டெம்பரிலேயே போகட்டும், வேர் இல்லாத புல்லுக்கு நவம்பரில் போட்டுப் பயனில்லை. என் முற்றத்துக்கு நான் நவம்பரில் போடுவதை விடப்போவதில்லை.

கடைசி வெட்டு இரண்டரை அங்குலத்தில் நிற்கட்டும். ஒரே நாளில் இறக்காமல் இரண்டு மூன்று வெட்டில் இறக்குங்கள். நீளமாக விட்டால் மடிந்து படுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். இன்னொன்று, வெளிக் குழாயின் வால்வை வீட்டுக்குள்ளே பூட்டி, வெளிப்பக்கத்தைத் திறந்து தண்ணீரை வடியவிடுங்கள், ஹோஸைக் கழற்றி வையுங்கள். நான் வந்த இரண்டாவது வருடம் அதை மறந்து, பேஸ்மென்ட் சுவருக்குள் குழாய் வெடித்தது.