கலைச்சொல் தேவை: 'ரூ' என்பதற்குத் தமிழில் என்ன?

நண்பர்களே, வணக்கம்.

வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டிய மொழிபெயர்ப்பு ஒன்று கையில் இருக்கிறது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஜனவரி 6 அன்று தொடங்கி, கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய நாளான மார்டி கிரா செவ்வாய் வரை நீளும் கார்னிவல் பருவத்தில், வீட்டு விருந்துக்கு என்னென்ன சமைப்பார்கள் என்ற கட்டுரை. கம்போ (கெட்டியான குழம்பு வகை), ஜம்பலாயா, எட்டூஃபே, கிங் கேக் எல்லாம் பண்டத்தின் பெயர்கள், அப்படியே விட்டுவிட்டேன். மாட்டிக்கொண்டது ஒரே இடத்தில். கம்போவுக்கு முதல் வேலையாக எண்ணெயும் மைதாவும் சம அளவு எடுத்து, கனமான இரும்புச் சட்டியில் கை எடுக்காமல் கிளறுகிறார்கள். முதலில் வெளுப்பு, அப்புறம் வேர்க்கடலை நிறம், அப்புறம் செம்பு, கடைசியில் கறுத்த சாக்லேட் நிறம். முக்கால் மணி நேரம்கூட ஆகும். கறுப்புப் புள்ளி தெரிந்தால் தீய்ந்துவிட்டது என்று பொருள், கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து. இதன் பெயர் ரூ. பொருள் பட்டியலில் 'ரூ 1 கப்' என்று எழுதியிருந்தேன். பிழைதிருத்துபவர் புள்ளி வைத்து 'ரூ. 1' என்று ரூபாய் ஆக்கிவிட்டார். எனவே தமிழ்ச்சொல் கட்டாயம் வேண்டும். என் யோசனை 'வறுமா'. சரியா?

மறுமொழி – மதுரை

வறுமா வினைத்தொகை, இலக்கணப்படி குற்றமில்லை. ஆனால் வறுப்பது எண்ணெய் இல்லாமலும் நடக்கும். நம்மிடம் பொருத்தமான பழஞ்சொல் இருக்கிறது: குய், அதாவது தாளிப்பு. குறுந்தொகை 167-இல் கூடலூர் கிழார் 'குவளை உண்கண் குய்ப்புகை கழுமத் தான்துழந்து அட்ட தீம்புளிப் பாகர்' என்கிறார். தாளிப்புப் புகை கண்ணில் ஏற, தானே துழாவிச் சமைத்த குழம்பு. லூசியானாக்காரர் சட்டி முன் நின்று செய்வதும் இதைத்தான்: கொழுப்பு, சூடு, புகை, துழாவல். ஆகவே 'குய்ம்மா'. தனிக்குறிலை அடுத்த யகர மெய்யின் பின் மெல்லினம் மிகும், மெய்ஞ்ஞானம் போல. குழை, குழம்பு, கூழ் ஆகியவற்றோடு குய்யையும் ஒரே வேரில் சேர்க்கலாம் என்பது என் நெடுநாள் எண்ணம். ழகரம் யகரமாவதைச் சென்னைப் பேச்சில் 'வாயப்பயம்' என்று இன்றும் கேட்கிறோமே.

மறுமொழி – யாழ்ப்பாணம்

ஐயா, பாட்டு அருமை. ஆனால் குறிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அடுப்படியில் நிற்கிற பிள்ளைக்குக் குய் என்றால் என்னவென்று தெரியாது. அகராதி பார்ப்பதற்குள் மா கருகிவிடும். அதே நேரம் வறுமாவும் எங்களுக்குக் குழப்பம்தான். எங்கள் பக்கம் வறுத்த மா என்றால் பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் வெறுஞ்சட்டியில் வறுத்த அரிசி மா. இன்னொன்று: மைதா என்று நீங்கள் எழுதுவதை நாங்கள் கோதுமை மா என்போம். தமிழ்நாட்டில் கோதுமை மாவு என்றால் சப்பாத்தி மாவு. இரண்டு பெயரையும் சேர்த்துப் போடுங்கள், இல்லாவிட்டால் யாராவது சப்பாத்தி மாவில் கம்போ வைப்பார்கள்.

மறுமொழி – புதுச்சேரி

பிரெஞ்சில் ரூ என்றால் செம்பழுப்பு. அதை வைத்து 'செம்மா' என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். வேண்டாம். பெஷமெல் என்ற பால் சாஸுக்கு வெள்ளை ரூ உண்டு, அதில் செம்மை ஏது? போதாக்குறைக்குக் குறளில் கயவர் செருக்குவதைச் சொல்லும் 'செம்மாக்கும் கீழ்' வேறு இருக்கிறது. 'கெட்டிமா'வும் ஆகாது. நிறம் ஏற ஏற மாவுச்சத்து சிதைந்து கெட்டிப்படுத்தும் திறன் குறைகிறது. கறுத்த ரூ மணத்துக்கும் சுவைக்குமே. கொழகொழப்புக்கு வெண்டைக்காய் சேர்ப்பார்கள், அல்லது ஃபீலே தூவுவார்கள். ஃபீலே என்பது சாசஃப்ராஸ் மரத்தின் இலைப்பொடி, சோக்டா பழங்குடியினர் தந்தது. இறக்கியபின் தூவ வேண்டும், கொதித்தால் நூல் நூலாக இழுக்கும்.

கம்போ என்ற பெயர் ஆப்பிரிக்காவின் பாண்டு மொழிகளில் வெண்டைக்காயைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பது பரவலான கருத்து. சோக்டா மொழியில் சாசஃப்ராஸின் பெயரே மூலம் என்பாரும் உண்டு. அதற்காக 'வெண்டைக் குழம்பு' என்று எழுதிவிடாதீர்கள். கோழியும் ஆண்டூயி தொத்திறைச்சியும் போட்ட கம்போவில் வெண்டைக்காய் இல்லாமலும் இருக்கும். கார்னிவலுக்கு அதுதான் முக்கியம். மாமூ, யூனிஸ் ஊர்ப்பக்கம் முகமூடி போட்டவர்கள் வீடு வீடாகப் போய் கம்போவுக்குப் பொருள் கேட்பார்கள்; பறக்கவிட்ட கோழியைச் சேற்றில் துரத்திப் பிடிப்பார்கள்.

மறுமொழி – கோவை

கட்டுரையில் அடுத்த வரியிலேயே 'ஹோலி டிரினிட்டி' வருமே, அதை என்ன செய்தீர்கள்? ரூ நிறம் வந்ததும் சட்டியில் கொட்டுகிற வெங்காயம், செலரி, குடைமிளகாய். கத்தோலிக்கர் நிறைந்த ஊர், அன்போடு வைத்த பெயர். நாம் 'தூய திரித்துவத்தைப் பொடியாக நறுக்கவும்' என்று எழுத முடியாது. முக்கறி என்றால் மூன்று வகை இறைச்சி என்று நினைப்பார்கள். சுக்கு மிளகு திப்பிலிக்குத் திரிகடுகம் இருப்பதுபோல இதற்கு 'முக்காய்' வைக்கலாம்.

மறுமொழி – மதுரை

முக்காய் பிழை. வெங்காயத்தில் இருப்பது காயம், காய் அன்று. செலரி தண்டு. மூன்றில் குடைமிளகாய் ஒன்றுதான் காய்.

ரூவுக்கு வருவோம். குய் புரியாது என்றால் 'நெய்ம்மா' என்று வையுங்கள். பழந்தமிழில் நெய் எல்லாக் கொழுப்புக்கும் பொது. எள்ளின் நெய்தானே எண்ணெய்! பிரெஞ்சுக்காரரின் வெண்ணெய், லூசியானாவின் எண்ணெய், பன்றிக்கொழுப்பு எல்லாம் அதில் அடங்கும்.

மறுமொழி – யாழ்ப்பாணம்

நெய் என்று கண்டால் எங்கள் வீட்டில் ஒரு கப் பசுநெய்யை ஊற்றிவிடுவார்கள், ஐயா. சொல் சுத்தமாக இருந்து சாப்பாடு கெட்டால் யாருக்கு லாபம்? என் வாக்கு வறுமாவுக்கே, அரை மனதோடு. முதல் தடவை வரும்போது 'எண்ணெயில் வறுத்த கோதுமை மா' என்று விளக்கம் போடுங்கள்.

மறுமொழி – கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. நாளை அனுப்பியாக வேண்டும். வறுமாவையே வைக்கிறேன். முதல் இடத்தில் 'வறுமா: மைதாவை (இலங்கையில் கோதுமை மா) சம அளவு எண்ணெயில், நிறம் மாறும்வரை கிளறி வறுத்தது'. நிறங்களை வெள்ளை, வேர்க்கடலை, செம்பு, சாக்லேட் என்று பிரித்தாயிற்று. முக்காயைக் கைவிட்டு மூன்று பெயரையும் முழுதாக எழுதிவிட்டேன்.

மறுமொழி – மதுரை

சரி, அனுப்புங்கள். ஆனால் குழுவின் கலைச்சொல் பட்டியலில் வறுமாவுக்குப் பக்கத்தில் நெய்ம்மாவையும் சேர்க்க வேண்டும். வறுமாவில் எண்ணெய் எங்கே என்று முதல் மடலுக்கு மறுமொழியாகவே கேட்டேன். இன்னும் யாரும் விடை சொல்லவில்லை.