பனி டயர் வேண்டாம், குளிர்கால டயர் என்போம்

நண்பர்களே, நம் அகராதியில் கார் டயர் வகைகளுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று மூன்று நாளாக ஓடும் பேச்சில் 'பனி டயர்', 'அனைத்துப் பருவ டயர்', 'சாதாரண டயர்' என்ற மூன்றும் ஏறக்குறைய முடிவாகிவிட்ட மாதிரி தெரிகிறது. எனக்கு இந்த மூன்றிலும் சம்மதம் இல்லை. சொல் அழகாக இல்லை என்று சொல்ல வரவில்லை. இந்தப் பெயர்களை நம்பிக் கடைக்குப் போகிறவர் தவறான டயரை மாட்டிக்கொண்டு வந்துவிடுவார், அதுதான் என் கவலை.

'டயர்' என்பதையே மாற்ற வேண்டும், உருளிப்பட்டை என்று எழுதலாம் என்றவருக்கு ஒரு வார்த்தை. மாட்டுவண்டிச் சக்கரத்தில் ஏற்றும் இரும்பு வளையத்துக்குப் பட்டா, பட்டை என்ற பேர் உண்டு, அந்த வழியில் உருளிப்பட்டை சரியான சொல்தான். ஆனால் டயர் என்று சொல்லாத தமிழரே கிடையாது. குழப்பம் அதற்கு முன்னால் வரும் அடைமொழியில் இருக்கிறது, நேரத்தை அதில் செலவழிப்போம்.

பனி டயரை எடுத்துக்கொள்வோம். தமிழில் பனி மிகவும் அகலமான சொல். புல்நுனியில் நிற்கும் துளியும் பனி, விடிகாலை மூட்டமும் பனி, முழங்கால் அளவுக்குக் குவிந்து கிடக்கும் வெள்ளையும் பனி. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த டயர் பனிக்காக மட்டும் செய்யப்பட்டதில்லை, குளிருக்காகச் செய்யப்பட்டது. ரப்பர் குளிரக் குளிர இறுகும். வெயில்காலத்துக்கான ரப்பர் கலவை ஏறக்குறைய 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே போகும்போது விறைக்கத் தொடங்கி, தரையில் இருக்கும் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் படியாமல் மேலாகவே வழுக்கிக்கொண்டு போகும். குளிர்காலக் கலவையில் சிலிக்காவும் இயற்கை ரப்பரும் கூடுதலாகச் சேர்த்து, உறைநிலைக்குக் கீழேயும் நெகிழ்வு போகாமல் பார்த்துக்கொள்கிறார்கள். 7 என்பது ஒரு கோடு அல்ல, 8-ல் நன்றாக இருந்த டயர் 6-ல் திடீரென்று கைவிட்டுவிடாது, படிப்படியாகத்தான் பிடி குறையும். இருந்தாலும் மாற்றும் நேரத்தைத் தெரிந்துகொள்ள வசதியான எண் அது.

எனக்குத் தெரிந்த ஒருவர், "இன்னும் பனியே விழவில்லையே, எதற்கு இப்போது பனி டயர்" என்று ஐந்து வாரம் தள்ளிப்போட்டார். சாலை காய்ந்துதான் கிடந்தது, காலையில் 2 டிகிரி. நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் நின்ற பிறகுதான் மாற்றினார். பெயரில் பனி என்று இருந்ததால்தான் அவர் பனிக்காகக் காத்திருந்தார். குளிர்கால டயர் என்று சொல்லியிருந்தால் குளிரைப் பார்த்திருப்பார்.

நம்பாதவர்கள் குளிர்ந்த காலையில் இரண்டு டயரையும் பக்கத்தில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். ஒன்றில் பட்டன், அதாவது தரையைத் தொடும் ரப்பர் கட்டி, கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும், மற்றது பலகை மாதிரி நிற்கும். குளிர்கால டயரின் ஒவ்வொரு பட்டனிலும் குறுக்கே நெளிநெளியாக மயிரிழைக் கீறல்கள் இருக்கும், நகம்கூட நுழையாது. பட்டனை ஒரு பக்கமாகச் சாய்த்துத் தள்ளினால் அவை மீனின் செவுள் மாதிரி வரிசையாகத் திறக்கும். ஓட்டத்தில் அந்த விளிம்புகள்தான் பனியைக் கவ்வுகின்றன. இன்னொன்று, பனி காடிகளுக்குள், அதாவது பட்டன்களுக்கு நடுவே ஓடும் பள்ளங்களுக்குள், அடைந்தால் கெடுதல் என்று ஒருவர் எழுதியிருந்தார். நேர்மாறு. பனி பனியோடுதான் நன்றாக ஒட்டும், காடியில் அடைபட்ட பனி கீழே கிடக்கும் பனியைப் பிடித்துக்கொள்ளும், அதற்காகவே அந்தக் காடிகளை அப்படி வெட்டுகிறார்கள்.

சரி, அடுத்தது 'சாதாரண டயர்'. மூன்றில் இதைத்தான் கட்டாயம் கைவிட வேண்டும். சாதாரணம் என்றால் எப்போதும் ஓடும், மற்றவை விசேஷத்துக்கு என்று பொருள்படும். உண்மையில் அது வெப்பத்துக்கென்றே செய்த டயர். சூடான சாலையில் காய்ந்திருந்தாலும் நனைந்திருந்தாலும் மற்ற இரண்டையும்விடக் குறைந்த தூரத்தில் நிறுத்தும், வளைவில் இறுக்கமாகப் பிடிக்கும். அந்தத் திறமையைப் பெயரில் சொல்லாமல் சாதாரணம் என்று தள்ளுவது அநியாயம், அதன் எல்லையை மறைப்பது ஆபத்து. ஆகவே வெயில்கால டயர். கோடை டயர் என்பதை ஏன் எடுக்கவில்லை என்றால், கோடை என்றதும் இரண்டு மூன்று மாதம் என்று நினைப்பு போகிறது, மழைக்கு ஆகாதோ என்ற சந்தேகமும் வருகிறது. வெயில்காலம் கொஞ்சம் தளர்வான சொல், இங்கே அந்தத் தளர்வு உதவுகிறது. ஆண்டு முழுக்க வெப்பமான நாட்டில் இருப்பவருக்கு இந்த ஒரு டயரே போதும், வேறு யோசனையே வேண்டாம்.

கூதிர் டயர், வேனில் டயர் என்ற யோசனையைப் படித்தபோது மனசுக்கு இதமாக இருந்தது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பொழுதை வகுத்த மொழி நம்முடையது. ஆனால் கூதிர் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதம் மட்டும், இந்த டயரோ குளிர் நீடிக்கும் மாதமெல்லாம் ஓட வேண்டியது. அப்புறம், டயர் வாங்கப் போகிறவரை அகராதி பார்க்க வைக்கக் கூடாது.

கடினமானது 'அனைத்துப் பருவ டயர்'. 'ஆல் சீசன்' என்ற ஆங்கிலப் பெயர் விளம்பரத்துக்காக வாக்குக் கொடுக்கிறது, நாம் அந்த வாக்கையும் சேர்த்து மொழிபெயர்க்க வேண்டுமா? 1977-இல் குட்இயர் நிறுவனம் டியெம்போ என்ற பெயரில் இந்த வகை ரேடியல் டயரைக் கொண்டுவந்தபோது, ஆண்டுக்கு இருமுறை டயர் மாற்றும் தொல்லை போகும் என்பதுதான் கவர்ச்சி. தொல்லை போவது உண்மை. அதற்கு ஈடாக, கடுங்குளிரில் குளிர்கால டயர் அளவுக்குப் பிடிக்காது, கொளுத்தும் வெயிலில் வெயில்கால டயர் அளவுக்கு நிற்காது. மிதமான குளிர், எப்போதாவது லேசான பனி, பெரும்பாலும் நகர ஓட்டம் என்றால் நல்ல தேர்வு, நானே சொல்வேன். மலைச்சாலையில் மாதக்கணக்கில் பனி கிடக்கும் இடத்தில் போதாது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிதானே என்று சிலர் சொல்கிறார்கள். அது கிளம்ப உதவும், நிறுத்தவோ திருப்பவோ டயரின் பிடிதான் வேண்டும்.

ஆகவே இருபருவ டயர் என்கிறேன். இரண்டு பருவத்துக்கும் இடையில் சமரசம் செய்துகொண்டது என்பது பெயரிலேயே தெரியும். முதலில் இருகால டயர் என்று எழுதிப் பார்த்தேன், வாய்விட்டுப் படித்தால் இரண்டு கால் என்று கேட்கிறது, விட்டுவிட்டேன்.

இதற்குள்ளேயே இரண்டு வகை இருப்பதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். பக்கவாட்டில் எம்+எஸ் என்று மட்டும் பொறித்திருந்தால் அது சேறு, பனி இரண்டுக்கும் ஆகும் என்று தயாரிப்பாளர் தாமே சொல்லிக்கொள்வது, அதற்குச் சோதனை கிடையாது. மூன்று சிகர மலைக்குள் ஒரு பனித்துகள் வரைந்த குறி 1999-இல் வட அமெரிக்காவில் வந்தது, இறுகிய பனித்தரையில் ஓட்டிச் சோதித்துத் தேறிய டயருக்குத்தான் அது கிடைக்கும். இதை மலைப்பனிக் குறி என்று சொல்லலாமா? சட்டமே இந்த வேறுபாட்டைப் பார்க்கிறது. ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல் பனிச்சாலைக்கு எம்+எஸ் எழுத்து மட்டும் செல்லாது, மலைப்பனிக் குறி இருக்க வேண்டும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இந்தக் குறி உள்ள டயரோ, உலோக ஆணி பதித்த ஆணி டயரோ கட்டாயம். ஆகவே அகராதியில் 'இருபருவ டயர்' என்றும் 'மலைப்பனிக் குறி பெற்ற இருபருவ டயர்' என்றும் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும். நீளம்தான், ஆனால் இங்கே சுருக்கினால் பொருள் போய்விடும்.

தேய்ந்துபோன டயருக்கு 'மொட்டை டயர்' என்ற பேச்சு வழக்கை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்ற கருத்துக்கு என் முழு ஆதரவு. விளக்கத்தில் மட்டும் ஒன்றைச் சேர்க்க வேண்டும்: பல நாடுகளில் சட்டம் அனுமதிக்கும் குறைந்தபட்சக் காடி ஆழம் 1.6 மி.மீ., ஆனால் குளிர்கால டயர் 4 மி.மீ.க்குக் கீழே வந்தாலே பனியில் திணறும். ஆஸ்திரியாவில் அந்த ஆழத்துக்குக் கீழே போன ரேடியல் டயரைக் குளிர்கால டயராகவே கணக்கில் எடுப்பதில்லை. கண்ணுக்கு மொட்டையாகத் தெரியாத டயரும் குளிருக்கு மொட்டைதான்.

சொற்களைச் சோதிக்க ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தேன்: "காலை வெப்பநிலை தொடர்ந்து 7 டிகிரிக்குக் கீழே இருந்தால் வெயில்கால டயர்களைக் கழற்றி, நான்கு சக்கரங்களிலும் குளிர்கால டயர்களை மாட்டவும், இருபருவ டயராக இருந்தால் மலைப்பனிக் குறி உள்ளதா என்று பார்க்கவும்." எனக்கு எங்கும் தடுக்கவில்லை. உங்களுக்கு எந்தச் சொல்லில் தடுக்கிறது என்று சொல்லுங்கள்.

பட்டனில் இருக்கும் அந்த மயிரிழைக் கீறலுக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. கீறல் என்றால் சேதம் போலத் தெரிகிறது, வெட்டு என்றாலும் அப்படியே. இப்போதைக்குக் 'கீற்று' என்று வைத்திருக்கிறேன், தென்னங்கீற்று நினைவுக்கு வந்தாலும் பரவாயில்லை. செவுளை வைத்து யாராவது ஒரு சொல் அமைத்துத் தந்தால் இதை விட்டுவிடவும் தயார்.