புதுப்பிப்பு: அத்தைக்கு பிபிஆர் வீடு கிடைத்துவிட்டது

கோலாலம்பூரின் செதாப்பாக்கில் தனியார் வாடகையைச் சமாளிக்க முடியாத என் அத்தை, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான பிபிஆர் என்ற அரசு மக்கள் வீடமைப்புத் திட்ட வீட்டுக்கு விண்ணப்பிக்க முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. அவர் இப்போது புதிய வீட்டில் இருக்கிறார்.

கோலாலம்பூரில் இந்த வீடுகளை மாநகர் மன்றம் வாடகைக்கு விடுகிறது. மூன்று அறைகள், கூடம், சமையலறை. மாத வாடகை 124 ரிங்கிட். மலேசியக் குடிமகனாக இருக்க வேண்டும்; சொந்த வீடு இருக்கக் கூடாது; குடும்பத்தின் மாத வருமானம் 3,000 ரிங்கிட்டைத் தாண்டக் கூடாது. 2013இல் ருமாவிப் என்ற பெயரில் தொடங்கி, பின்னர் ரெசிடென்சி விலாயா எனப் பெயர் மாறிய மலிவு விலை வீட்டுத் திட்டம் வேறு. அது வாங்குவதற்கானது, உச்ச விலை 300,000 ரிங்கிட். பலர் இரண்டையும் ஒன்றாக எண்ணிக் காத்திருக்கிறார்கள். அத்தையும் அப்படித்தான் இருந்தார்.

வாடகை குறைவு என்பதோடு விஷயம் முடியவில்லை. பல மாடிக் கட்டடத்தில் முதியவர்களுக்கு மின்தூக்கிதான் உயிர்நாடி. பராமரிப்பை வீடு கொடுப்பதற்கு இணையான கடமையாகவே நான் பார்க்கிறேன். கீழே மண்டபமும் பாலர் பள்ளியும் இருப்பது பெரிய உதவி. பேரப்பிள்ளையை அங்கே விட்டுவிட்டு அத்தை நிம்மதியாக வேலைக்குப் போகிறார். குடியிருப்பாளர் கூட்டங்களுக்கும் போகச் சொல்லியிருக்கிறேன். புகார்கள் அங்கேதான் ஒன்றுசேரும்.

விண்ணப்பிப்பவர்கள் கவனிக்க: இந்த வீட்டை இன்னொருவருக்கு உள்வாடகைக்கு விடக் கூடாது. வாடகை பாக்கி சேரத் தொடங்கினால் உடனே அலுவலகத்தில் பேசுங்கள், கடிதம் வரும்வரை காத்திருக்காதீர்கள்.