கால்குலஸ் இரண்டாம் பேப்பரில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்காரனுக்கு என்ன வேலை?

சேகோமில்பையன்:
சேலத்தில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. ஸ்டாட்டிஸ்டிக்ஸ், இரண்டாம் செமஸ்டர். கால்குலஸ் இரண்டாம் பேப்பருக்கு எங்களையும் மேத்ஸ் மேஜர்களையும் ஒரே ஹாலில் உட்கார வைத்து நடத்துகிறார்கள். ரிடக்‌ஷன் ஃபார்முலா, பீட்டா, காமா இன்டக்ரல் வரைக்கும் சமாளித்தேன், காமாவைப் பன்னிரண்டாம் வகுப்பிலேயே கொஞ்சம் பார்த்துவிட்டுத்தான் வந்தோம். அதற்கப்புறம் இம்ப்ராப்பர் இன்டக்ரல் (எல்லை முடிவிலிக்குப் போவது மாதிரியானவை), முடிவிலித் தொடர் என்று ஆரம்பித்தார்கள். விடை என்ன என்று கேட்பதே இல்லை, விடை ஒன்று இருக்கிறதா இல்லையா என்பதற்கே பக்கம் பக்கமாக ப்ரூஃப். கம்பேரிசன் டெஸ்ட், ரேஷியோ டெஸ்ட், ரூட் டெஸ்ட், ராபி டெஸ்ட், இன்னும் என்னென்னவோ. நான் டேட்டா வேலைக்குப் போகலாம் என்று இந்தக் கோர்ஸில் சேர்ந்தவன். இது எனக்கு எங்கேயாவது உதவுமா? படித்து முடித்தவர்கள் சொல்லுங்கள்.

ஐந்துரோடு:
உதவாது தம்பி. நானும் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்தான், இப்போது பெங்களூரில் வேலை. ஒரு தொடர் ஒருங்குகிறதா (கூட்டுத்தொகை ஓர் எண்ணில் போய் நிற்கிறதா) விரிகிறதா (நிற்காமல் போகிறதா) என்று இன்றுவரை ஆபீஸில் என்னை யாரும் கேட்டதில்லை. நார்மல் வளைவுக்குக் கீழே பரப்பு வேண்டுமா, கம்ப்யூட்டரில் ஒரு வரி. அந்த வளைவை வழக்கமான சார்புகளை வைத்து இன்டக்ரேட் செய்து எழுதவே முடியாது, 19-ஆம் நூற்றாண்டில் லியூவில் என்ற பிரெஞ்சுக் கணிதவியலர் போட்டுக் கொடுத்த வழியிலேயே அது தெரிந்துவிட்டது. அப்படியிருக்க, மூட்டை மூட்டையாக இன்டக்ரேஷன் வித்தைகளைப் படித்து என்ன செய்யப் போகிறோம்? அந்த நேரத்தில் சாம்ப்ளிங், ரெக்ரஷன், ஆர் மென்பொருள் சொல்லிக் கொடுத்திருந்தால் முதல் வருடத்திலேயே ஒரு நிஜ டேட்டாவைத் தொட்டுப் பார்த்திருப்பாய்.

சேர்வராயன்:
நான் அதே மாதிரி ஒரு வகுப்பில் உட்காரும் மேத்ஸ் மேஜர். தினமும் ஏற்காட்டிலிருந்து பஸ்ஸில் இறங்கி வருகிறேன் (இருபது கொண்டை ஊசி வளைவு, நோட்டைத் திறந்தால் வாந்திதான், அதனால் எல்லாம் வகுப்பிலேயே புரிந்தாக வேண்டும்). எனக்கு வேறு குறை. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பசங்க “சார், இது பரீட்சைக்கு வருமா” என்று கேட்டுக் கேட்டே ப்ரூஃபைப் பாதியில் விட வைக்கிறார்கள். ப்ரூஃப் இல்லாத கால்குலஸ் வெறும் கணக்குப்பிள்ளை வேலை. வகுப்பைப் பிரித்துவிடுங்கள், இரண்டு தரப்புக்கும் நிம்மதி.

கருப்பூர்_அக்கா:
பிரிக்கவும் வேண்டாம், தூக்கவும் வேண்டாம். கருப்பூரில் எம்.எஸ்சி. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் முடித்துவிட்டு இப்போது டியூஷன் எடுக்கிறேன், அங்கே பசங்க வந்து முட்டி நிற்பது எல்லாம் இந்தப் பேப்பரில் ஒழுங்காகப் படிக்காமல் விட்ட இடத்தில்தான்.

காஷி பரவலை எடுத்துக்கொள். பார்க்க நார்மல் மாதிரியே நடுவில் மேடு, இரண்டு பக்கமும் சமச்சீர். சராசரி என்ன என்று கேட்டால் யாராக இருந்தாலும் பூஜ்யம் என்றுதான் சொல்வார்கள். எக்ஸை அடர்த்திச் சார்போடு பெருக்கி, மைனஸ் ஏ-யிலிருந்து பிளஸ் ஏ வரை இன்டக்ரேட் செய்து ஏ-யை முடிவிலிக்கு அனுப்பினால் பூஜ்யம்தான் வரும். அதையே மைனஸ் ஏ-யிலிருந்து பிளஸ் 2ஏ வரை போட்டுப் பார், லாக் 2 வகுத்தல் பை வரும், அதாவது சுமார் 0.22. இரண்டு முனையும் முடிவிலிக்குத்தான் போகிறது, ஆனாலும் விடை வேறு. அதனால் அந்தப் பரவலுக்குச் சராசரியே இல்லை. இது தெரியாமல் ஆர் மென்பொருளில் காஷி எண்களை ஆயிரக்கணக்கில் உருவாக்கிச் சராசரி எடுத்தால் அதுவும் ஏதோ ஒரு எண்ணைக் கொடுக்கத்தான் செய்யும். மறுபடி எடுத்தால் சம்பந்தமே இல்லாமல் வேறு எண். எத்தனை எண்களைச் சேர்த்தாலும் அந்தச் சராசரியின் பரவல் அதே காஷியாகவே இருக்கும், கொஞ்சம்கூடக் குறுகாது. மென்பொருள் எச்சரிக்காது, இம்ப்ராப்பர் இன்டக்ரல்தான் எச்சரிக்கும்.

ஐந்துரோடு:
காஷி வாத்தியார்களுக்குப் பிடித்த பூச்சாண்டி. பி.எஸ்சி.யில் என்னையும் அதைக் காட்டித்தான் பயமுறுத்தினார்கள். எங்கள் ஆபீஸில் ஓரத்தில் கண்டபடி எண்கள் இருந்தால் மீடியன் எடுப்போம், வேலை முடிந்தது. அதற்கு எந்த டெஸ்டும் வேண்டாம்.

கருப்பூர்_அக்கா:
சரி, காஷியை விடுங்கள். டி-டெஸ்ட் போடுவீர்கள் அல்லவா? டி பரவலில் டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 1 என்றால் அதுதான் காஷி. 2 என்றால் சராசரி உண்டு, வேரியன்ஸ் முடிவிலி. 3-லிருந்துதான் இரண்டும் ஒழுங்காக இருக்கும். ஏன் என்று யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஓரத்தில் அது எக்ஸின் எந்த அடுக்கில் சரிகிறது என்று பார்த்து, 1/எக்ஸ் அடுக்கு பி-யோடு ஒப்பிட்டால் பி ஒன்றைத் தாண்டுகிறதா இல்லையா என்று இரண்டு வரியில் தெரியும். உங்கள் தம்பி திட்டுகிற அதே கம்பேரிசன் டெஸ்ட்தான் இது.

சேர்வராயன்:
அக்கா, இது இன்டக்ரல். தொடர்களை இடம் மாற்றி எழுதும் ரீமான் தேற்றம் வரும்போது பாருங்கள், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வரிசை முழுக்கத் தூங்கும். அது அவர்களுக்கு நிஜமாகவே தேவையில்லை என்பதை நானே ஒத்துக்கொள்கிறேன்.

கருப்பூர்_அக்கா:
உங்களைவிட அவர்களுக்குத்தான் அது அதிகம் தேவை. ஒரு ரேண்டம் வேரியபிள் எடுக்கும் மதிப்புகள் +2, −2, +8/3, −4, +32/5 என்று போகட்டும், நிகழ்தகவு முறையே 1/2, 1/4, 1/8, 1/16, 1/32. ஒவ்வொன்றையும் பெருக்கினால் 1, −1/2, 1/3, −1/4, 1/5 என்று வரும், கூட்டுத்தொகை லாக் 2, சுமார் 0.693. இதுதான் எதிர்பார்ப்பு மதிப்பு என்று எழுதிவிடலாம் போல இருக்கிறதா? இப்போது ஒரு பிளஸ், இரண்டு மைனஸ், மறுபடி ஒரு பிளஸ், இரண்டு மைனஸ் என்று அடுக்கு. அதே எண்கள், ஒன்றுகூட விடுபடவில்லை, ஆனால் கூட்டுத்தொகை சரிபாதியாகிவிடும்.

உங்கள் மேத்ஸ் வகுப்பில் தொடருக்கு முதல் உறுப்பு, இரண்டாம் உறுப்பு என்று ஒரு வரிசை இருக்கிறது. ரேண்டம் வேரியபிளின் மதிப்புகளுக்கு அப்படி எந்த வரிசையும் கிடையாது, யார் எப்படி வேண்டுமானாலும் அடுக்கலாம். அடுக்குகிற ஆளைப் பொறுத்து மாறுகிற எண்ணைப் போய்ச் சராசரி என்று சொல்ல முடியுமா? அதனால்தான் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் புத்தகங்களில் எதிர்பார்ப்பு மதிப்பை வரையறுக்கும்போது “குறியை நீக்கிவிட்டுக் கூட்டினாலும் ஒருங்க வேண்டும்” என்று ஒரு நிபந்தனை போடுகிறார்கள். எல்லோரும் தாண்டிப் போகிற வரி அது. அந்த வரிக்குக் காரணம் சொல்வது இந்தப் பேப்பர் மட்டும்தான்.

சேகோமில்பையன்:
அக்கா, எங்கள் ப்ராபபிலிட்டி நோட்டில் அந்த வரி இருக்கிறது, “அப்சொல்யூட்லி கன்வர்ஜென்ட்” என்று. சும்மா அலங்காரத்துக்குப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். இதே வகுப்பில் ஒரு பக்கம் ப்ராபபிலிட்டி ஓடுகிறது, இன்னொரு பக்கம் கால்குலஸ் ஓடுகிறது, இரண்டு சாரும் ஒருவர் பேப்பரை இன்னொருவர் பார்த்த மாதிரியே தெரியவில்லை.

ஐந்துரோடு:
அதைத்தான் நானும் சொல்கிறேன். அக்கா கொடுத்த உதாரணம் அருமை, மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு மணி நேர விஷயம். செமஸ்டரில் பாதியை எதற்குச் சாப்பிடுகிறது? பரீட்சையில் என்ன கேட்கிறார்கள்? “ராபி டெஸ்டைக் கூறி நிறுவுக.” பையன் அச்சுப் பிசகாமல் எழுதிவிட்டு பத்து மார்க் வாங்குவான், காஷிக்குச் சராசரி கேட்டால் பூஜ்யம் என்பான். நான் திட்டுவது கால்குலஸை அல்ல என்று வைத்துக்கொண்டாலும், இப்போது நடக்கிற இந்தப் பேப்பர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்காரனுக்கு வேஸ்ட்தான்.

கருப்பூர்_அக்கா:
வினாத்தாள் மோசம், அதில் சண்டை இல்லை. கம்பேரிசன், ரேஷியோ, அப்சொல்யூட் கன்வர்ஜென்ஸ், டெய்லர், காமா, இவ்வளவும் கட்டாயம். ராபியை விருப்பப் பாடமாக வைத்தாலும் குடி முழுகிவிடாது. ஆனால் “வேஸ்ட்” என்று முதல் வருடப் பையனிடம் சொன்னால் அவன் காமாவையும் சேர்த்துத்தான் விடுவான். பன்னிரண்டாம் வகுப்பில் போட்ட காமாவில் அடுக்கு முழு எண், ஃபேக்டோரியல் வந்துவிடும். இங்கே காமா அரை வருகிறது, அதன் மதிப்பு ரூட் பை. எக்ஸுக்குப் பதில் டி ஸ்கொயரை 2-ஆல் வகுத்துப் போட்டால் நார்மல் வளைவின் முன்னால் நிற்கும் ரூட் 2 பை அப்படியே வெளியே வரும். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் மூன்று வருடம் நார்மல் டேபிள் புரட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சேர்வராயன்:
ராபியை விருப்பப் பாடமாக்கினால் நான் எதிர்ப்பேன். ரேஷியோ டெஸ்ட் 1 என்று வந்து கையை விரிக்கும்போது வேறு என்ன செய்வீர்கள்?

ஐந்துரோடு:
கம்ப்யூட்டரில் கூட்டிப் பார்ப்பேன்.

சேர்வராயன்:
1/கே-யைக் கூட்டுங்கள் அண்ணா, அதாவது 1 + 1/2 + 1/3 என்று. பத்து லட்சம் உறுப்பு கூட்டினாலும் 14.39 சொச்சம்தான் வரும், நின்றுவிட்டது என்று நினைத்து ரிப்போர்ட் எழுதிவிடுவீர்கள். அது எங்கேயும் நிற்காது.

சேகோமில்பையன்:
நீங்கள் எல்லாம் சண்டை போடுங்கள், எனக்குத் திங்கட்கிழமை இன்டர்னல். ராபி கட்டாயம் வரும் என்று சார் சொல்லிவிட்டார். எது ஒன்றை விடப் பெரிதாக வந்தால் ஒருங்கும், எது சிறிதாக வந்தால் விரியும் என்று எனக்கு மாறி மாறிப் போகிறது. எப்படி ஞாபகம் வைப்பது?

கருப்பூர்_அக்கா:
ஞாபகம் வைக்காதே, விடை தெரிந்த தொடர் ஒன்றில் போட்டுப் பார். 1/கே² ஒருங்கும் என்று உனக்குத் தெரியும். ஓர் உறுப்பை அடுத்த உறுப்பால் வகு, ஒன்றைக் கழி, கே-யால் பெருக்கு. 2 + 1/கே வரும், எல்லை 2. ஆக, ஒன்றைத் தாண்டினால் ஒருங்கும். அதே வேலையை 1/கே-க்குச் செய், சரியாக 1 வரும், அங்கே ராபியும் கையை விரித்துவிடுவார், சேர்வராயனிடம் இதைச் சொல். அப்புறம் 1/ரூட் கே-க்குப் போட்டுவிட்டு என்ன வந்தது என்று இங்கே எழுது.

சேகோமில்பையன்:
அரை வருகிறது அக்கா. அப்படியானால் 1/கே அடுக்கு பி-க்குப் போட்டால் அந்தப் பி-யே வருமா?

கருப்பூர்_அக்கா:
வரும். டி பரவலுக்கு மேலே சொன்ன அதே பி.