அப்பப்பாவின் மணிக்கூடும் ஜெனீவா ஏலமும்

நல்லூரிலிருந்து:

ஹொலிவூட் நடிகர் பால் நியூமனின் ரோலெக்ஸ் டேட்டோனா மணிக்கூடு 2017இல் நியூயோர்க் ஏலத்தில் 1 கோடியே 77 இலட்சம் டொலருக்குப் போன செய்தியை எங்களுக்குத் தொலைபேசியில் சொன்னவர் சுவிஸிலுள்ள அத்தான். சொல்லி முடித்த கையோடு கேட்டார்: “அப்பப்பாவின் ஒமேகா இன்னும் இருக்கிறதா?”

இருந்தது. அலுமாரியில், அம்மாவின் கூறைச்சேலைக்கு அடியில், பஞ்சு வைத்த பவுடர் டின்னுக்குள். மலாயா ரயில்வேயில் எழுதுவினைஞராக இருந்த அப்பப்பா பென்சனோடு கொண்டுவந்தது. அடுத்த விடுமுறைக்கு வந்த அத்தான் அதை எடுத்துப்போனார்.

நவம்பரில் ஜெனீவாவில் பெரிய ஏலங்கள் நடக்கும். அதற்கு முன் பொருள்களைப் பார்வைக்கு வைப்பார்கள், யாரும் போகலாம். 2016இல் அங்கே உருக்கினால் செய்த பற்றெக் பிலிப் 1518 ஒன்று 1 கோடியே 10 இலட்சம் பிராங்குக்கு விலைபோனது. வெளியே தெரியவந்த உருக்கு 1518கள் நான்கே நான்கு. அதே மணிக்கூடு தங்கத்தில் என்றால் விலை குறைவு! இதை யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதி நகைக்கடையில் சொல்லிப் பாருங்கள், தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள்.

அப்படியொரு பார்வையில் அத்தான் காட்டிய ஒமேகாவை அங்கிருந்த ஏலக்காரர் ஒருவர் கண்ணில் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எழுத்துகளின் ஓரம் தடித்திருக்கிறது, டயலுக்கு மறுபூச்சுப் பூசப்பட்டிருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். உண்மைதான். 1979இல் தன் கல்யாணத்துக்காக அப்பா செய்த வேலை அது. பழுப்பேறிய டயலோடு மாப்பிள்ளை மணவறையில் இருப்பதா? உறையையும் சாணை பிடித்து மினுக்கிவிட்டார். கோடிக்குப் போகிற மணிக்கூடு அல்லத்தான். ஆனாலும் அந்தப் பழுப்புக்குத்தான் விலை என்று கேட்டபோது அப்பாவின் முகம் போன போக்கு!

கொக்குவிலிலிருந்து:

உங்கள் அப்பாவைக் குறைசொல்ல வேண்டாம். என் அப்பா மணிக்கூடு திருத்துபவர். “புதிது மாதிரி ஆக்கித் தாருங்கள்” என்று கேட்காத ஆள் இல்லை. இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 1990களில் யாழ்ப்பாணத்துக்கு அரசு விதித்த பொருளாதாரத் தடையில் பற்றரியும் அடக்கம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம். பற்றரி மணிக்கூடுகள் ஒவ்வொன்றாக நின்றன. சனம் அலுமாரிகளைக் குடைந்து, தாத்தாமாரின் சாவி கொடுக்கும் மணிக்கூடுகளோடு கடைக்கு வந்தது. மணிக்கூட்டுக்கு விடும் எண்ணெய்கூடக் கிடைக்காத நேரத்தில் அப்பா அவற்றை மண்ணெண்ணெயில் கழுவி ஓடவைத்தார். ஜெனீவாக்காரர் பார்த்தால் மயங்கி விழுவார்.

நல்லூரிலிருந்து:

நியூமனின் மணிக்கூடும் சாவி கொடுப்பதுதானே. 1984இல் மகளின் நண்பனுக்கு அதைக் கொடுத்தபோது, மறக்காமல் சாவி கொடுத்தால் நேரம் சரியாகக் காட்டும் என்றாராம். எங்களுடையது நாளுக்கு நான்கு நிமிடம் பிந்துகிறது. உங்கள் அப்பா இப்போதும் பார்ப்பாரா?

கொக்குவிலிலிருந்து:

கடையை மூடிவிட்டார், வீட்டில் பார்ப்பார். கொண்டுவாருங்கள். வெள்ளிக்கிழமை காலை மட்டும் வேண்டாம், கோயிலுக்குப் போய்விடுவார்.